அசையாத கோடு

குழந்தைகளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று விதி வந்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்களில் ராஜகனியும் ஒருத்தி. கோவில்பட்டி வட்டாரத்துக்குக் குழந்தை நலப் பணியாளராக வந்த புதிதில் அவள் பார்த்ததெல்லாம் கேள்விகளைத்தான். வீட்டில் அடிபட்ட பிள்ளை ஒன்று கிடைத்துவிட்டால் போலீஸ்காரர் ஒருமுறை கேட்பார், டாக்டர் ஒருமுறை கேட்பார், வக்கீல் கேட்பார், நீதிபதி கேட்பார். நடுவில் நாற்காலி எடுத்துப் போட வந்தவர்கூட என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் போவார். சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை இன்னொரு முறை அடி வாங்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது.

அப்புறம்தான் பட்டை வந்தது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் கையில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டை. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் அது பயவாட்சுதான்.

பிள்ளைக்குப் பட்டை மாட்டும் நாளில் பெற்றோருக்கு விளக்கிச் சொல்வது ராஜகனியின் வேலை. அப்படித்தான் சங்கரபாண்டியை முதலில் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் புரோட்டா மாஸ்டர். மனைவி மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகள் இசக்கி. அவன் மகளுக்கு இரட்டைச் சடை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, நேர் வகிடு எடுத்து அழைத்து வந்திருந்தான். வகிடு கோணவே இல்லை என்பதை ராஜகனி அன்றே கவனித்தாள். கவனித்து என்ன, அதை எழுதுவதற்கு அவளுடைய படிவத்தில் இடம் கிடையாது.

"இது என்னத்துக்கு மேடம்?" என்று கேட்டான் சங்கரபாண்டி.

"பிள்ள பயந்தா இதுக்குத் தெரியும் அண்ணாச்சி. நாடித் துடிப்பு, தோல்ல வேர்க்கிறது, மூச்சு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். யாரு பக்கத்துல வாரப்ப பயம் ஏறுதுன்னும் கண்டுபிடிச்சிரும். பெரியவங்க கையில போன் இருக்குல்ல, அத வச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு கோடா தெரியும். பிள்ள வாயத் தெறந்து எதுவும் சொல்ல வேண்டாம், நாங்களும் கேட்டு அதப் போட்டு வதைக்க மாட்டோம்."

அவன் அந்தப் பட்டையை விரலால் நெருடிப் பார்த்தான். "எல்லாப் பயமும் தெரிஞ்சிருமா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விதான் ராஜகனியின் மனத்தில் முள்ளாகத் தங்கியது. நல்ல தகப்பன் எதற்கு இப்படிக் கேட்க வேண்டும்? அவன் முழங்கை வரை தீத்தழும்பு. மேலுதட்டில் ஆறாத காயம் ஒன்று. எங்கேயோ அடிதடிக்குப் போய் வந்தவன் என்று தோன்றியது. இத்தனை வருட அனுபவத்தில் இதுகூடவா தெரியாது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். அனுபவம் சில சமயம் ஆளை இப்படித்தான் கவிழ்க்கும்.

இசக்கியின் கோடு ஒரு மாதத்துக்குள் சிவப்பைத் தொட்டது. பள்ளியில் ஒழுங்காக ஓடும் கோடு, சாயங்காலம் தகப்பன் வந்ததும் ஏறும். அவன் அடுப்படியில் நிற்கையில் இன்னும் ஏறும். இரவு அவன் அருகில் படுத்த பிறகும் இறங்காது. பிள்ளை தூங்குவதே இல்லையோ என்று நினைக்க வைத்தது. ராஜகனி விதிப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். பக்கத்து வீட்டு வளர்மதி முதலில் தயங்கினாள். பிறகு, சில ராத்திரியில் சாமான் உருளுகிற சத்தம் கேட்கும், ஏதோ தொம்மென்று விழும், பிள்ளை அப்பா அப்பா என்று அழும், காலையில் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி போவார்கள் என்றாள்.

இதற்குமேல் என்ன வேண்டும்? பிள்ளையை அரசு இல்லத்தில் சேர்க்கச் சொல்லிக் குழந்தை நல வாரியம் உத்தரவு போட்டது. ராஜகனி ஜீப்பில் போனாள்.

சங்கரபாண்டி சண்டை போடவில்லை. அதுவும் அவனுக்கு எதிராகத்தான் போனது. மகளின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தான். சீப்பையும் ரிப்பனையும் மேலே வைத்தான். நான் ஒரு நாளும் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை மேடம் என்று மட்டும் சொன்னான். எல்லோரும் சொல்வதுதானே என்று ராஜகனி நினைத்துக்கொண்டாள். ஜீப் கிளம்பியபோது இசக்கி அழவில்லை. பின்கண்ணாடி வழியாகத் தகப்பனின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் உருவம் மறைந்த பிறகும் அங்கேயே பார்த்தாள். பட்டை உச்சத்தில் துடித்தது. அந்த நேரத்தில் பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை, என்ன பயம் என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. கேட்கக் கூடாது என்பது விதி. அந்த விதிக்குத்தான் அவள் எழுந்து நின்று கைதட்டியிருந்தாள்.

இல்லத்தில் வாரம் ஒருநாள் தகப்பன் வந்து பார்க்கலாம். சந்திப்பு அறையில் பொம்மைகள், ஒரு மேசை, மூன்று நாற்காலி. ராஜகனி மூலையில் உட்கார்ந்து கையிலுள்ள திரையில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சங்கரபாண்டி குளித்து, வெளுத்த சட்டை போட்டு வருவான். இசக்கி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்வாள், ஆனால் கோடு ஏறும். மடியில் உட்கார்ந்து அவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், கோடு இன்னும் ஏறும். பயத்தை மறைத்துக்கொண்டு பாசமாக நடிக்கப் பழகிய பிள்ளைகளை ராஜகனி பார்த்திருக்கிறாள். இதுவும் அந்த ரகம் என்று முடிவு கட்டி, பாவம் என்று மனத்துக்குள் உருகினாள். உருகினது உண்மை. தப்பான இடத்தில் உருகினாள், அவ்வளவுதான்.

அப்படி ஒரு சந்திப்பில்தான் அது நடந்தது. மகளின் ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்த சங்கரபாண்டியின் கை பாதியில் நின்றது. கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்தான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ராஜகனி எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள். வெளியிலிருந்து காவலாளி ஓடிவந்து, சாவியைக் கொடுங்கள், கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று கத்தினார்.

இசக்கி யாரையும் பார்க்கவில்லை. மேசையைக் காலால் தள்ளினாள். தகப்பனின் தலைக்கடியில் தன் பள்ளிப் பையைச் சொருகினாள். அவன் தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினாள். பிறகு அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு அமைதியாகக் குந்தியிருந்தாள். இழுப்பு ஓய்ந்ததும் பாவாடை நுனியால் அவன் வாயோரத்து நுரையைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. முடிஞ்சிருச்சு," என்றாள்.

ராஜகனியின் கையிலிருந்த திரையில் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வாரமாக ஒரு தடவைகூட இறங்காத கோடு அவன் தரையில் துடிக்கும்போது இறங்கியது. எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அது வந்துவிட்டது. வந்ததை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குத் தெரியும். வராமல் இருக்கும் நேரம்தான் அவளால் தாங்க முடியாத நேரம்.  ராஜகனி திரையை அணைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினாள்.

சங்கரபாண்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவள் இசக்கியை வராந்தாவுக்கு அழைத்துப் போய் விதியை மீறினாள். அப்பாவைப் பார்த்தால் எதற்கு உனக்குப் பயம் என்று கேட்டாள்.

"விழுந்துருவாங்கல்ல," என்றாள் இசக்கி, இதுகூடத் தெரியாதா என்பது போல. "நான் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ணு இப்பிடிப் போச்சுன்னா ஓடிப்போயி அடுப்ப அணைக்கணும். அம்மா சொல்லித் தந்தாங்க. பாக்காம இருந்தா அப்பா செத்துருவாங்க."

ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்றாள். அப்பாவும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம்.

ஆஸ்பத்திரியில் சங்கரபாண்டி அதையே வேறு விதமாகச் சொன்னான். அவன் முகத்தில் அவமானம்தான் இருந்தது. "வலிப்பு வாரவன்கிட்ட பொம்பளப் பிள்ளைய விட்டு வைப்பாங்களா மேடம்? கடையிலயும் புரோட்டாக் கல்லு முன்னால நிக்க விட மாட்டாங்க. அதான் மறைச்சேன். மறைச்சதுக்கே பிள்ளைய எடுத்துட்டீங்க. சொல்லியிருந்தா மட்டும் விட்டிருப்பீங்களா?"  சொல்லியிருந்தால் விட்டிருப்போம் என்று அடித்துச் சொல்ல ராஜகனிக்கு நாக்கு எழவில்லை.

அவனுக்கு ஒழுங்கான மருத்துவம் ஆரம்பமானது. கல்லை விட்டுவிட்டு மாவு பிசைகிற வேலைக்கு மாறினான். ராஜகனியே கடை முதலாளியிடம் பேசி அதை வாங்கிக் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாரியத் தலைவர் பரஞ்சோதியிடம் போனாள். ஓய்வு பெற்ற பேராசிரியர், மென்மையான மனிதர். பிள்ளைகளுக்காகத் தன் சொந்தப் பணத்தைச் செலவழிக்கிறவர். அவரைக் கெட்டவராக நினைக்க முடிந்திருந்தால் ராஜகனிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றத நான் நம்புறேன்மா. அவன் அடிக்கல. ஆனா பயம் எதுக்காகன்னு உடம்புக்குத் தெரியாது. அடிப்பானோங்கிற பயமும் செத்துருவானோங்கிற பயமும் அந்தப் பிள்ளையோட நெஞ்சை ஒரே மாதிரிதான் அரிக்குது. ஏழு வயசுல ராத்திரி பூரா காவல் இருக்கா. அந்தக் காவலுக்கே திருப்பி அனுப்பச் சொல்றியா?"

"அது அவ அப்பா சார். பாசம் சார் அது."

"இருக்கட்டும். அது அவளைக் கொல்லாம இருக்கணும்ல. கோடு அடங்கட்டும். தொடர்ந்து சந்திப்புகள்ல அடங்கியிருந்தா அன்னைக்கே நானே கையெழுத்துப் போடுறேன்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. மருந்து வேலை செய்ததில் சங்கரபாண்டிக்கு வலிப்பு குறைந்தது. ஆனால் இனி வரவே வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இசக்கியும் நம்பத் தயாராக இல்லை. ஒவ்வொரு வாரமும் அவள் தகப்பனின் கண்ணையே பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் கோடு ஏறியது. இல்லத்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா ராத்திரி தனியாக இருப்பாரே, யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பக்கம் ஒட்டியிருந்தாலும் பயம், விலகியிருந்தாலும் பயம். ஆள் பக்கத்தில் வரும்போது ஏறும் பயத்தைத்தான் திரை கணக்கில் எடுத்தது.

ராஜகனி ஒருநாள் சந்திப்புக்கு முன்னால் இசக்கியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள். வீட்டுக்குப் போகணுமா என்று கேட்டாள். பிள்ளை தலையை ஆட்டியது.

"அப்போ நான் சொல்லுறதக் கேளுட்டி. அப்பா வாரப்ப மூஞ்சியப் பாக்காத. சொவரப் பாரு. மனசுக்குள்ள வாய்ப்பாடு சொல்லு. அப்பாவுக்கு என்ன ஆகும்னு நெனப்பு வந்தா அடுத்த வாய்ப்பாட்டுக்குப் போயிரு. நெனப்ப மட்டும் விட்டுரணும். செய்வியா?"

"விழுந்துட்டா?"

"விழ மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

சங்கரபாண்டியிடமும் சொல்லிவைத்தாள். அவன் உடனே ஒத்துக்கொண்டான். என்னைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை மேடம், வீட்டுக்கு வந்தால் போதும் என்றான். பாவம், அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான்.

முதல் சில சந்திப்புகள் பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளை சுவரைப் பார்க்கும். உதடு வாய்ப்பாட்டை முணுமுணுக்கும். அதையும் மீறிக் கண் மட்டும் தகப்பன் பக்கம் ஓடிவரும். ஓடி வந்த கண்ணை அவளே இழுத்துப் போவாள். கன்னத்தில் தண்ணீர் வழியும். சங்கரபாண்டி கையை மடியில் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருப்பான். ராஜகனி அந்தக் கோட்டோடு சேர்ந்து மூச்சுவிட்டாள். இறங்கு, இறங்கு என்று வேண்டிக்கொண்டாள். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கிய சமயத்தில் கண் ஓடிவருவது நின்றது. உதடு அசைவதும் நின்றது. கோடு கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தது. ஒருநாள் சங்கரபாண்டி எப்போது உள்ளே வந்தான், எப்போது வெளியே போனான் என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அன்று ராஜகனி வீட்டுக்குப் போய்ப் பாயாசம் வைத்தாள்.

பரஞ்சோதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, இதைப் போல ஒரு முன்னேற்றத்தை நான் பார்த்ததில்லை, மற்ற பணியாளர்களுக்கும் நீ சொல்லித்தர வேண்டும் என்றார். இசக்கி தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு தகப்பனோடு நடந்து போனாள். அவன் குனிந்து குனிந்து ஏதோ பேசிக்கொண்டே போனான். அவள் நேராக ரோட்டைப் பார்த்து நடந்தாள். பழக்கம், போகப் போக மாறிவிடும் என்று ராஜகனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் வளர்மதி போன் பண்ணினாள்.  சங்கரபாண்டி அடுப்படியில் விழுந்துவிட்டானாம். கொதிக்கிற குழம்பு மேலே கவிழ்ந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்துவிட்டதாம். குழம்பு கருகும் வாடை வந்துதான் இவள் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள்.

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டே கெடக்கு மேடம். அவுக தரையில துடிக்காக. அந்தப் பிள்ள கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்து சொவரப் பாத்துக்கிட்டு இருக்கு. நான் கத்துதேன், திரும்பக்கூட மாட்டேங்கு. எனக்கு அதப் பாத்துத்தான் கொல நடுங்கிருச்சு."

ராஜகனி பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்தாள். போகிற வழியில் கையிலிருந்த திரையைத் திறந்து அன்றைய கோட்டைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரே சீராக ஓடியிருந்தது. அவன் விழுந்த நேரம் எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில் சங்கரபாண்டி கட்டுகளோடு குப்புறக் கிடந்தான். பிழைத்துவிடுவான் என்று நர்ஸ் சொன்னார். அவளைக் கண்டதும் பேச முயன்றான். காதை வாயருகே கொண்டுபோனாள்.

"கோடு சரியா இருக்கா மேடம்? பிள்ளைய மறுபடி எடுத்துர மாட்டீங்களே?"

"மாட்டோம் அண்ணாச்சி. கோடு நல்லாத்தான் இருக்கு."

அவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. முன்னெல்லாம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓடிவந்து என் மூஞ்சியைப் பார்ப்பாள், வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருநாளும் பார்க்கவில்லை மேடம் என்றான். 

இசக்கி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வளர்மதி வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று முடித்திருந்தாள். நேர் வகிடு, இரட்டைச் சடை. ராஜகனி அவள் முன்னால் தரையில் மண்டியிட்டாள்.  அப்பா விழுந்தது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் இசக்கி.

"நீங்க சொன்ன மாதிரியே இருந்தேன்க்கா. மொதல்ல கஷ்டமா இருந்துச்சு. இப்ப வாய்ப்பாடு சொல்லாமலே வருது."

தப்பாகச் செய்துவிட்டோமோ என்ற சந்தேகம்கூட அந்த முகத்தில் இல்லை. சொன்ன வேலையைச் செய்து முடித்த பிள்ளையின் முகம் அது. ராஜகனி அவள் கையைப் பிடித்து, பட்டையின் கொக்கியை நெம்பிக் கழற்றினாள். அதற்கு அவளுக்கு அதிகாரம் கிடையாது, வேலை போகும். போகட்டும் என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது.

"இனிமே அதெல்லாம் வேண்டாம்டி. அக்கா சொன்னது தப்பு. அப்பாவப் பாரு. அப்பாவுக்காக நீ பயப்படலாம். எவ்வளவு வேணும்னாலும் பயப்படு. ஒன்னைய யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

இசக்கி வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் தகப்பன் கிடந்தான். சொன்னதற்குக் கட்டுப்பட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அவனையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு ராஜகனியிடம் திரும்பினாள்.

"பயப்படுறது எப்படிக்கா?" என்று கேட்டாள்.